எல்லா வழிக்கும் ஒரு சைக்கிள்: ஆலைச் சாலையிலிருந்து சில குறிப்புகள்

முதலியார்பேட்டையில் கடலூர் சாலை ரயில்வே கேட் மூடியிருக்கும் ஐந்து நிமிடம், புதுச்சேரியில் எஞ்சியிருக்கும் சில திண்ணைகளுள் ஒன்று. அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் எங்கள் இலக்கியக் குழுவின் இளைய நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நகருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு அன்றாடம் போய்வர வேண்டும். மாலையில் பெரிய மார்க்கெட்டிலிருந்து காய்கறியும் அரிசியும் ஏற்றிவர வேண்டும், பின்னால் மகளும் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை அரிக்கமேட்டுத் தோப்புக்கோ ஆரோவில் செம்மண் பாதைக்கோ போக வேண்டும். "அண்ணே, ஒரே வண்டியில எல்லாம் நடக்கணும். எதை வாங்கலாம்?"

கடையில் அவருக்கு நான்கு வகை காட்டியிருக்கிறார்கள்: மெல்லிய டயர் போட்ட ரோடு பைக், தடித்த முள் டயரும் முன்பக்கத் துள்ளுவில்லும் கொண்ட மவுண்டன் பைக், இரண்டுக்கும் நடுவே ஹைபிரிட், அண்மை ஆண்டுகளில் வந்து சேர்ந்த கிராவல். எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் ஹைபிரிட்தான் என்று சொன்ன கடைக்காரர், அதில் கேரியரும் ஸ்டாண்டும் மட்கார்டும் இல்லையே என்று கேட்டதும், அதெல்லாம் தனிக்காசு என்றாராம். எல்லாவற்றுக்குமான வண்டியில் எதையும் வைக்க இடமில்லை என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அதைவிட வேடிக்கை, இந்தக் கேள்வி ஏதோ நேற்று முளைத்தது போல அந்தக் கடையில் பேசப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் விவாதித்து வரும் கேள்வி இது. அதற்கு ஒரு விடை நாங்கள் நின்றிருந்த சாலையிலேயே பல பதிற்றாண்டுகள் ஓடியிருக்கிறது.

*

சைக்கிளுக்கு முன்னால் புதுச்சேரியின் தனி வாகனம் புஷ்வண்டி. பிரெஞ்சில் 'பூஸ்-பூஸ்' என்பார்கள். முன்னே பயணி உட்கார்ந்து கைப்பிடியால் திசை திருப்ப, பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவார். திசை ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. காலனி ஆட்சியை விளக்க இதைவிடக் கச்சிதமான இயந்திரம் கிடைக்காது என்று எங்களுள் ஒருவர் எப்போதும் சொல்வார். சைக்கிள் வந்து அந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்தது.

இன்று நாம் அறிந்த வடிவம் 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியிலிருந்து தொடங்குகிறது: ஒத்த அளவுள்ள இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் 'ரோட்ஸ்டர்' எனும் கறுப்பு வண்டி தன் நிலையான உருவத்தை அடைந்துவிட்டது. நம் ஊரில் அதற்குத் தனிப்பெயர் ஏதும் தேவைப்படவில்லை, சைக்கிள் என்றாலே அதுதான். முதலில் கப்பலில் வந்த ராலியும் ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.வும் பிறகு நம் நாட்டிலேயே உருவாயின. முருகப்பா குழுமம் ஆங்கிலேயக் கூட்டாளியோடு 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலும், சென்-ராலி ஆசன்சோலிலும், அட்லஸ் சோனிபட்டிலும், 1956 முதல் ஹீரோ லூதியானாவிலும் அதே கறுப்பு வண்டியைப் பெருவாரியாக உற்பத்தி செய்தன. விலை கைக்கெட்டியதும் அது ஆலைவாசலுக்கு வந்தது.

முதலியார்பேட்டையின் ஆலை என்றால் ரோடியர் மில். 1898-இல் தோன்றியது, பின்னாளில் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்றும், சுருக்கமாக ஏ.எஃப்.டி. என்றும் ஆனது. சங்கு ஊதினால் கடலூர் சாலையில் சைக்கிள்கள் மட்டுமே தெரியும் என்பது எங்களுக்கு முந்தைய தலைமுறையின் நினைவு. அரியாங்குப்பத்திலிருந்தும் முருங்கப்பாக்கத்திலிருந்தும் அதற்கப்பால் உள்ள கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் வரப்பு, மணல், கப்பி, தார் என்று நான்கு வகைத் தரையைக் கடந்தே வேலைக்கு வந்தார்கள். காலையில் ஆலைக்குப் போன அதே வண்டி மாலையில் மாட்டுத்தீவனம் ஏற்றியது. விடுமுறை நாளில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் தேருக்குப் போனது.

இதில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் நுட்பச் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கறுப்பு வண்டியின் டயர் அளவு 28×1½. ஒன்றரை அங்குலம் என்றால் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம். இன்று கிராவல் பைக் என்ற பெயரில் பெரும்விலைக்கு விற்கப்படும் வண்டிகளின் சிறப்பாகச் சொல்லப்படுவதும் இதே 40 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம்தான்! தார்ச்சாலையில் இழுக்காமலும் செம்மண்ணில் அமிழாமலும் இருக்கும் நடுவளவு அது. சாய்ந்த முன்போர்க், நீண்ட பின்பகுதி, நிமிர்ந்த இருக்கை ஆகியனவும் கரடுமுரடான சாலைக்காக வகுக்கப்பட்டவையே. குழியில் விழுந்தால் அதிர்ச்சியை வண்டியே பாதி வாங்கிக்கொள்ளும். ஆலைத் தொழிலாளி எந்தப் பட்டியலையும் புரட்டாமல் அந்த டயரில் தினமும் சென்றுவந்தார்.

அதற்கு மேலும் தேவையானதை அவர் தெருமுனைக் கடையில் சேர்த்துக்கொண்டார். பால்காரரின் வண்டியில் இருபுறமும் கேன் மாட்டக் கொக்கி, இளநீர்க்காரரின் வண்டியில் அகலக் கேரியர், மீன்கூடைக்காகப் பின்னால் பலகை, பாரம் ஏற்றுவோருக்கு முன்போர்க்கின் இருபுறமும் கூடுதல் தாங்குகம்பி, பின்னால் உட்காரும் பெண்களின் சேலையும் குழந்தைகளின் காலும் போக்ஸ் கம்பியில் சிக்காதிருக்க ஒரு வலை. கடைகள் இன்று வகை வகையாகப் பிரித்து விற்பதை அன்று ஒரே சட்டகத்தின் மேல் பூட்டியும் கழற்றியும் பார்த்துக்கொண்டார்கள்.

*

பிரெஞ்சு ஊர் என்பதால் பிரான்சில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா வழிக்கும் ஒரு வண்டி என்பதைக் கொள்கையாகவே கொண்டு வாழ்ந்தவர் செந்த்-எத்தியேன் நகரத்துப் பட்டு வணிகர் போல் தெ விவி (1853-1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர், 'லெ சிக்லிஸ்த்' இதழை நடத்தியவர். மலை சூழ்ந்த ஊர்க்காரரான அவர், ஒரே பல்லளவில் மலையும் சமவெளியும் ஏறி இறங்குவது உடம்புக்குச் செய்யும் கொடுமை என்றும், பலவேகக் கியர் வேண்டும் என்றும், டயர் அகலமாக இருக்க வேண்டும் என்றும் வாழ்நாள் முழுதும் வாதாடினார். எதிரணியில் நின்றவர் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச். கியர் மாற்றும் கருவி வயதானவர்களுக்குத்தான் என்பது அவர் ஏளனம். தம் பந்தயத்தில் வீரர்களுக்கு அதை அனுமதிக்கவே இல்லை. 1937-இல்தான் அந்தத் தடை நீங்கியது. வெலோசியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அவர் வழியில் வந்த பயண வண்டிகளுக்குப் பிரான்சில் ஒரு சக்கர அளவு நிலைத்தது: 650பி. அந்நாட்டு முறையில் எண் சக்கரத்தின் தோராய வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும், எழுத்து டயரின் தடிப்பைக் குறிக்கும். இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு சிறு திகைப்பு. லேடீஸ் சைக்கிளுக்கும் எஸ்.எல்.ஆர். வகைக்கும் நம் பஞ்சர் கடைகளில் தொங்கும் 26×1⅜ டயர் வேறொன்றுமில்லை, பிரெஞ்சுக்காரர்களின் 650ஏ! ரிம் விட்டம் இரண்டுக்கும் 590 மில்லிமீட்டர்தான். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறிய பின்னும் அந்த அளவு நம் கடைகளின் ஆணியில் வேற்றுப்பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. (இது ஆட்சியின் எச்சம் அன்று. இங்கிலாந்து வழியாக நமக்கு வந்த அளவு, தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆனாலும் இப்படிப்பட்ட தற்செயல்களில் எங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு.)

ஆனால் பிரெஞ்சு சைக்கிளின் வரலாற்றில் நம்மைத் தூங்கவிடாத பக்கம் வேறு. 1936 ஜூன் மாதம் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றது. ஜூன் 20-இல் ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையும், மறுநாள் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சட்டமாயின. ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தொழிலாளிகள் பலர் வாழ்வில் முதல்முறையாகக் கடல் பார்க்கக் கிளம்பினார்கள். இரயிலில் போனவர்கள் உண்டு. சைக்கிளிலும், இருவர் சேர்ந்து மிதிக்கும் டாண்டமிலும் போனவர்களின் படங்கள்தாம் அந்தக் கோடையின் அடையாளமாக நிலைத்துவிட்டன. கூடாரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு சிரித்தபடி மிதிக்கும் இளம் தம்பதியர். வேலைக்குப் போகும் வண்டி, ஊர் சுற்றும் வண்டியாகவும் ஆனது அங்கே அந்த ஆண்டில்தான் என்று சொன்னால் பெரிய பிழையாகாது.

அதே அரசின் கொடி பறந்த புதுச்சேரியில், அதே 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய ஸவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். பாரிசில் நிறைவேறிய சட்டம் காலனிக்குத் தானாக வந்துவிடாது. வ. சுப்பையா போன்றோர் நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937-இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. தூர் தெ பிரான்சில் கியர் அனுமதிக்கப்பட்ட ஆண்டும் அதுவே என்பதை, ஒப்பிடுவதற்காக அன்று, ஒரே நாள்காட்டியில் எப்படிப்பட்ட செய்திகள் அருகருகே நிற்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம். ஜூலை 30-ஐத் தியாகிகள் நாளாக ஊர் இன்றும் நினைவுகூர்கிறது.

நண்பரின் கேள்வியில் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் இருந்தது அல்லவா? அது இலவசமாக வந்த சொல் அன்று. பொழுது இருப்பவனுக்கே பல வழிக்கான வண்டி தேவைப்படுகிறது. இல்லாதவனுக்கு ஆலைக்குப் போய்த் திரும்பும் ஒரே வழிதான்.

*

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நம் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய பாடம் புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். 1992 மகளிர் நாளில் 1500 பெண்கள் ஒன்றாக மிதித்து ஊர்வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் குறிப்புகளில் எங்களைக் கவர்ந்தது சின்னதொரு விவரம். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை எடுத்த பெண்களுள் சிலர், பிறகு அதையே விரும்பியிருக்கிறார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை ஓடும் அந்தக் குறுக்குப் பார். அதில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

பெண்ணுக்கு ஆகாது என்று சந்தை ஒதுக்கிவைத்த பாரைப் பெண்கள் தொட்டிலாக்கிக்கொண்டார்கள். அதே பாருக்குக் கீழே ஒருகாலை நுழைத்து நாமெல்லாம் குரங்குப் பெடல் அடித்ததை இங்கே நினைவுகூர்வது தவிர்க்க இயலாதது; 2024-இல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. 24 அங்குலச் சட்டகம் பத்து வயதுப் பையனின் தோளுயரம் வரும். அவனுக்காக யாரும் அந்த வண்டியைச் செய்யவில்லை, அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே கதையின் கடுமையான வடிவம் உண்டு. எரிபொருள் கிடைக்காத தொண்ணூறுகளின் போர் ஆண்டுகளில் துவிச்சக்கரவண்டியே விறகுவண்டி, நோயாளி வண்டி, பள்ளி வண்டி, இடம்பெயரும் குடும்பத்தின் வீடு. அங்கே தேர்வு என்ற சொல்லுக்கே இடமில்லை.

*

இவ்வளவு புகழ்ந்துவிட்டுக் கறுப்பு வண்டியின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. எடை இருபது கிலோவை ஒட்டி இருக்கும். ராடு பிரேக்கின் கட்டை எஃகு ரிம்மின் உட்புறத்தைப் பிடிக்கும் அமைப்பு மழையில் ஏறக்குறைய வேண்டுதலுக்குச் சமம். பெரும்பாலும் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்ற ஒரே பொருத்தம். ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். முதலியார்பேட்டையிலிருந்து கடற்கரைவரை தட்டையான ஊரில் அது போதும். வடக்கே கோரிமேட்டை நோக்கியோ ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயரத்திலுள்ள ஆரோவில் மேட்டுக்கோ எதிர்க்காற்றில் போகும்போது வெலோசியோ சொன்னது சரி என்று முழங்கால் ஒப்புக்கொள்ளும்.

ஆகவே நண்பருக்கு நாங்கள் சொன்னது வகையின் பெயரைப் பார்க்காதே என்பதைத்தான். முதலில் டயரும் போர்க்கும். 40 மில்லிமீட்டர் டயர் போட்டு அதன் மேல் மட்கார்டும் பூட்ட இடம் இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, சட்டகத்தில் கேரியர் திருகத் துளைகள் உண்டா, பின்பகுதி நீண்டிருக்கிறதா, அதாவது பை தொங்கினால் குதிகால் இடிக்குமா. குறைந்த விலை மவுண்டன் பைக்குகளின் முன் துள்ளுவில் நம் சாலைக்குப் பெரும்பாலும் வெறும் எடை. தாரில் முள் டயர் போடும் இரைச்சலைக் கேட்டு மகிழ்பவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கலாம். கியர் ஏழெட்டு போதும், அதில் மிகச் சிறிய பொருத்தம் நன்றாகச் சிறியதாக இருப்பதே முக்கியம். உப்புக்காற்று ஊர் என்பதால் சங்கிலிக்கு உறை இருந்தால் நல்லது; இல்லையென்றால் வாரம் ஒருமுறை எண்ணெய்.

பொறி ஒன்று உண்டு, அதையும் எச்சரித்தோம். 28 அங்குலம் என்று எழுதியிருக்கும் எல்லா டயரும் ஒன்றல்ல. கறுப்பு வண்டியின் ரிம் 635 மில்லிமீட்டர், ஹைபிரிட்டிலும் கிராவலிலும் வரும் 700சி 622 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபாடு, ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் உள்ள கடையில் எந்த அளவு தொங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் புதுவண்டிக் கடைக்குப் போவதே முறை.

ஏ.எஃப்.டி. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலில் கடுமையாகச் சேதமுற்றது, 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஷிப்டு முடிந்து வரும் சைக்கிள் கூட்டத்தைக் கடலூர் சாலை இழந்தாலும், அந்தக் கூட்டத்துக்காக இருந்த பஞ்சர் கடைகளில் சில இன்னும் இருக்கின்றன. நண்பர் புதுவண்டியை ஒத்திப்போட்டார். வீட்டில் தந்தையின் பழைய வண்டி தூசி படிந்து கிடந்தது. பின்னே 20 பல் பிரீவீல், புதுப் பிரேக் கட்டை, மகளின் காலுக்காக ஒரு வலை. மொத்தச் செலவு ஹைபிரிட்டுக்குத் தனியாகக் கேட்ட கேரியர், மட்கார்டு விலையைத் தாண்டவில்லை.

சென்ற ஞாயிறு அரிக்கமேட்டுக்குப் போனோம். அவர் கறுப்பு வண்டியில், எங்களுள் இன்னொருவர் 32 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைபிரிட்டில். காக்காயந்தோப்பைத் தாண்டி, 1945-இல் வீலர் தோண்டிய மேட்டருகே, மிஷன் கட்டடத்தின் இடிந்த சுவர்களைச் சுற்றியுள்ள மணலில், ஹைபிரிட் இருமுறை அமிழ்ந்தது. திரும்பும் வழியில் அதன் பின்சக்கரம் காற்றிழந்தது. அரியாங்குப்பத்துக் கடைக்காரர் பஞ்சரை ஒட்டிவிட்டார். ஆனால் காற்றடிக்க முடியவில்லை. சக்கரத்தில் இருந்தது பிரான்சில் தோன்றிய மெல்லிய பிரெஸ்டா வால்வு, அவருடைய பம்பு அதைப் பிடிக்கவில்லை. "இதுக்கு நம்மகிட்ட மூக்கு இல்ல சார்" என்றார். சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹைபிரிட்காரர் கறுப்பு வண்டியின் கேரியரில் ஏறிக்கொள்ள, மீதி வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு டபுள்ஸ் வந்தார்கள். முதலியார்பேட்டையில் கேட் மூடியிருந்தது.